"அது சாப்பாடு இல்லையே, டாக்டர்"

தினமும் காலை ஐந்தரைப் பூசைக்குப் போகிற ஒரு பள்ளி ஆசிரியை. வயது 44. செலியாக் நோய் (கோதுமை, வாற்கோதுமை போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் நோய்) என்று பயாப்ஸியில் உறுதியாகி ஒன்றரை வருடம் ஆகிறது. அன்றைக்கே கோதுமையை நிறுத்திவிட்டார். வயிற்றுப்போக்கு நின்றது, எடை 4 கிலோ கூடியது. ஆனால் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை. இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் டி.டி.ஜி. ஆன்டிபாடியும் இரத்தத்தில் இறங்க மறுத்தது. எங்கிருந்தோ கோதுமை உள்ளே போய்க்கொண்டிருந்தது.

உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். ரவை? இல்லை. சேமியா? இல்லை. பெருங்காயம்? கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலப்பார்கள் என்று நான் சொன்ன நாளிலிருந்து அதை வாங்குவதில்லை. அரிசி மாவு? மில்லில் கோதுமை அரைத்த கையோடு அரிசியையும் போட்டுவிடுவார்கள் என்று வீட்டிலேயே மிக்ஸியில் அரைத்துக்கொள்கிறார். இவ்வளவு கவனமான நோயாளி எனக்குக் கிடைப்பது அபூர்வம். கடைசியில்தான் தோன்றியது.

"டீச்சர், நன்மை வாங்குறீங்களா?" பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தைத்தான் கேட்டேன்.

"தினமும் வாங்குறேன்."

"அதுவும் கோதுமைதானே?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல் என்னைப் பார்த்தார். "அது சாப்பாடு இல்லையே, டாக்டர்."

இந்த ஒரு வருடத்தில் இதே பதிலை என்னிடம் சொன்ன மூன்றாவது ஆள் அவர். முதலில் ஒரு கன்னியாஸ்திரி. அப்புறம், புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்குத் தயாராகும் ஒன்பது வயதுச் சிறுமியின் அம்மா. "எழுந்தேற்றம் (குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் நேரம்) முடிஞ்சா அது ஆண்டவரோட சரீரம். ஆண்டவர் என் பிள்ளைக்குக் கெடுதல் செய்வாரா?" என்று அழுதார். நானும் பீடத்துக்கு முன் முழங்காலிட்டு வளர்ந்தவள். அந்த அழுகை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கேள்விக்குள் இருக்கும் நினைப்பு தவறு. மருத்துவத்தின்படி மட்டுமல்ல, நம் திருச்சபையின் போதனைப்படியும் தவறு.

திருச்சபை சொல்வது என்ன? வசீகரத்தில், அதாவது பூசையில் குரு அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் ஆண்டவரின் சரீரமும் இரத்தமுமாக்கும் வேளையில், அப்பத்தின் உட்பொருள் மாறுகிறது. நிறம், சுவை, எடை, மணம் எதுவும் மாறுவதில்லை. பழைய ஞானோபதேசத்தில் அப்ப, இரச குணங்கள் என்று படித்தோமே, அவை அப்படியே நிற்கின்றன. உடம்புக்குள் போய் அப்பம் செய்கிற வேலையும் அந்தக் குணங்களோடு சேர்ந்ததுதான். 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்: வசீகரமான அப்பமும் இரசமும் உடலுக்கு ஊட்டம் தருமா? தரும் என்பது அவர் பதில். 1 கொரிந்தியர் 11:21-ஐ அதற்குச் சான்றாகக் காட்டினார். ஒருவர் பசியாயிருக்க இன்னொருவர் குடிவெறியில் இருக்கிறார் என்று பவுல் கடிந்துகொள்ளும் இடம் அது. வசீகரமான இரசம் போதை தருமென்றால், வசீகரமான அப்பத்தில் குளூட்டன் மட்டும் எப்படி மறைந்துபோகும்? மறைந்துபோவதாக இருந்தால் செலியாக் நோயாளிகளுக்கு என்ன அப்பம் கொடுக்கலாம் என்று 2003-இல் கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட்) கடிதம் எழுதியிருக்க வேண்டியதே இல்லை. 2017-இல் வத்திக்கான் அதை மறுபடி நினைவூட்டியிருக்கவும் வேண்டியதில்லை. ஆகவே "விசுவாசம் இருந்தால் ஒன்றும் செய்யாது" என்று நோயாளிகளிடம் சொல்லும் ஜெபக்குழு அக்காக்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். நீங்கள் சொல்வது திருச்சபை சொல்லாத ஒன்று.

"இத்துனூண்டு அப்பம்தானே" என்பது அடுத்த சமாதானம். சரி, கணக்குப் போடுவோம். சிறிய அப்பம் ஒன்று சுமார் கால் கிராம். அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன், அதாவது 20 முதல் 25 மில்லிகிராம். செலியாக் நோயாளிக்கு நாள் ஒன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால்தான் ஓரளவு நிம்மதி என்கிறோம். டீச்சர் தினமும் அதைப்போல் இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டிருந்தார். கால் துண்டாக்கி வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சரி என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை, குழந்தைகளுக்கு நிச்சயமாக இல்லை.

அப்படியானால் நற்கருணையை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம்.

இரசம் மட்டும் வாங்கலாம். தேவைப்படுகிறவர்களுக்கு அப்படிக் கொடுக்கத் திருச்சபைச் சட்டத்தின் 925-ஆம் பிரிவு வழிவிடுகிறது. ஆண்டவர் அப்பத்தில் பாதி, இரசத்தில் பாதி என்று பிரிந்திருப்பதில்லை. எதை வாங்கினாலும் முழுமையாகத்தான் வாங்குகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். குருவானவர் அப்பத்தைப் பிட்டு ஒரு துணுக்கைத் தம் கிண்ணத்தில் போடுவார். அந்தக் கிண்ணத்திலிருந்து நீங்கள் குடித்தால் பயனில்லை. உங்களுக்கென்று தனிச் சிறு கிண்ணம் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வழி, குளூட்டன் மிகக் குறைந்த அப்பம். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் கிளைட் என்ற ஊரில் பெனடிக்டைன் சகோதரிகள் கோதுமை ஸ்டார்ச்சில் செய்கிறார்கள். குளூட்டன் 0.01 சதவீதம். ஓர் அப்பத்துக்கு மில்லிகிராமில் நூற்றில் சில பங்குதான் வரும். அதைத் தனிச் சிமிழில் வைக்க வேண்டும், மற்ற அப்பங்களைத் தொட்ட விரலால் எடுக்கக் கூடாது.

அரிசி அப்பத்தைச் செய்துகொண்டு போய்ப் பங்குச் சாமியிடம் சண்டை போட்ட ஒரு குடும்பத்தையும் பார்த்தேன். சாமிமேல் தப்பில்லை. கத்தோலிக்கத் திருப்பலிக்குக் கோதுமை அப்பம்தான் செல்லும், குளூட்டனே இல்லாதது செல்லாது. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையினருக்கு இந்தச் சட்டம் கிடையாது. உங்கள் போதகரிடம் வெளிப்படையாகப் பேசிப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம். எந்தச் சோதனையும் செய்யாமல், வீடியோ பார்த்துக் கோதுமையை விட்டவர்கள். "இயேசு சாப்பிட்டது வேற கோதுமை டாக்டர், இப்போ இருக்கிறதுதான் விஷம்" என்கிறார்கள். இத்தாலியில் கோசா என்ற பழைய நகரில், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. அதில் செலியாக் நோயின் அடையாளங்களும், அந்த நோய்க்கான மரபணுவும் இருந்தன. அவள் சாப்பிட்டது அந்தக் காலத்துக் கோதுமைதான். எசேக்கியேல் 4:9-இல் உள்ள அப்பத்தைச் சுட்டுச் சாப்பிடலாமா என்று கேட்கும் செலியாக் நோயாளிகளுக்கும் சொல்கிறேன்: அதில் கோதுமையும் வாற்கோதுமையும் இருக்கின்றன. இரண்டும் உங்களுக்கு ஆகாது. நோய் இல்லாதவர்களோ கோதுமையைக் கண்டு பயப்படவே வேண்டியதில்லை.

சந்தேகம் இருந்தால் முதலில் டி.டி.ஜி. இரத்தச் சோதனை. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்யுங்கள். நிறுத்திவிட்டு வந்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டும். நம் பக்கம் டாக்டர்களே இதை எளிதில் யோசிப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2016-இல் வெளிவந்த ஆய்வில், வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் இருந்த ஆன்டிபாடி, தெற்கே வேலூர்ப் பக்கம் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. அரிசி தின்னும் ஊர். ஆனாலும் மாத்திரைக்கு மசியாத இரத்தசோகையும், வளராத பிள்ளையும் வந்தால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

புதுநன்மைக்குப் பெயர் எழுதும் சிஸ்டர்களே, உபதேசியார்களே, உங்களிடம் ஒரு வேண்டுதல். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கும்போது, பிள்ளைக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளுமா என்றும் கேளுங்கள். அந்தச் சிறுமி எல்லாரோடும் வரிசையில்தான் நிற்கப்போகிறாள். அவளைத் தனியாக ஓரத்தில் நிறுத்தாதீர்கள்.

டீச்சருக்கு அவருடைய பங்குச் சாமி தனிக் கிண்ணத்துக்குச் சம்மதித்துவிட்டார். ஆறு மாதம் கழித்து மறுபடி டி.டி.ஜி. பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.