லோகோமோட்டிவ்: கரும்புத் தோட்டத்து இழுபொறி

லோகோமோட்டிவ் என்ற சொல்லுக்குள் இரண்டு லத்தீன் துண்டுகள் இருக்கின்றன. 'லோகோ' என்றால் இடத்திலிருந்து. 'மோட்டிவஸ்' என்றால் நகரக்கூடிய, நகர்த்தக்கூடிய. சேர்த்துப் பார்த்தால், இடம் பெயர்வது. ரயிலைப் பொறுத்தவரை இது முதலில் 'லோகோமோட்டிவ் இன்ஜின்' என்று இன்ஜினுக்கு முன்னால் நின்ற அடைமொழிதான். 19ஆம் நூற்றாண்டில் ரயில் பரவியபோது இன்ஜின் உதிர்ந்து அடைமொழியே பெயராகிவிட்டது. தமிழ்ப் பேச்சில் நேர் எதிராக நடந்தது. அடைமொழி போய் இன்ஜின் நின்றது. ரயில்வேக்காரர்கள் மட்டும் லோகோ ஷெட், லோகோ பைலட் என்று தலைப்பகுதியை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

சரி, 'இடம் பெயரும்' என்று ஏன் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது? இடம் பெயராத நீராவி இன்ஜின்கள் அதற்கு முன்பே இருந்தன. இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் சர்க்கரை ஆலை. ஆலைக்குள் ஒரு நீராவி இன்ஜின் நின்ற இடத்திலேயே உருளைகளைச் சுழற்றிக் கரும்பைப் பிழியும். இன்னொன்று வயலுக்குப் போய்க் கரும்பை இழுத்துவரும். இரண்டுக்கும் கொதிகலன் உண்டு, நீராவி உண்டு. பல ஆலைகளில் இரண்டுமே எரித்தது அதே கரும்புச் சக்கையைத்தான்.

வெட்டிய கரும்பை வைத்திருக்க முடியாது. நேரம் போகப் போகச் சர்க்கரை குறையும். அதனால்தான் தோட்ட முதலாளிகள் தண்டவாளத்துக்குப் பணம் போட்டார்கள். கியூபாவில் 1837இலேயே ரயில் ஓடியது, சர்க்கரைக்காக. அந்தத் தீவை ஆண்ட ஸ்பெயினுக்குள் முதல் ரயில் வந்தது 1848இல்தான்.

வயலுக்குள் பெரிய இன்ஜினைக் கொண்டுபோக முடியாது. மண் மெத்து, தண்டவாளம் மெலிசு, வளைவுகள் நெருக்கம். பாதையே தற்காலிகமானது, ஒரு பக்கம் வெட்டி முடிந்ததும் பெயர்த்து அடுத்த வயலில் போடுவார்கள். பிரான்சில் போல் டெகோவில் 1870களில் இப்படித் தூக்கிப் போடும் பாதையை உருவாக்கினார். அவருக்கு நெருக்கடி தந்ததும் சர்க்கரைப் பயிர்தான், ஆனால் கரும்பு இல்லை, சர்க்கரை பீட்ரூட்: வயலில் கிடந்த கிழங்கை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. பிற்பாடு பல மொழிகளில் இப்படிக் குறுகிய அகலத் தண்டவாளப் பாதைக்கே 'டெகோவில்' என்று பெயர் வந்துவிட்டது. ஜாவாவின் ஆலைகளில் பாதையின் அகலம் பெரும்பாலும் 700 மில்லிமீட்டர், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 610. ஜாவாவுக்கு பெர்லினின் ஓரென்ஸ்டைன் அண்ட் கோப்பல் நிறுவனம் ஏராளமான இன்ஜின்களைச் செய்து அனுப்பியது. ஹவாயின் காவாய் தீவில் 'பவுலோ' என்ற இன்ஜின் இன்னும் பாதுகாப்பில் இருக்கிறது; 1887இல் ஜெர்மனியில் செய்தது, கொலோவா தோட்டத்தில் கரும்பு இழுத்தது.

சக்கை எரிக்கும் இன்ஜினைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் அதில் இருக்கும் உழைப்பு தெரியும். நிலக்கரி என்றால் சில மண்வெட்டி போட்டுவிட்டுச் சற்று நிமிரலாம். சக்கை லேசு, காகிதம்போலப் பற்றித் தீர்ந்துவிடும். பின்னால் ஒரு வண்டி நிறையச் சக்கைக் கட்டுகளை அடுக்கி, ஒருவர் எடுத்துக் கொடுக்க, இன்னொருவர் அடுப்புக்குள் திணித்துக்கொண்டே இருக்க வேண்டும். எரியும் துணுக்குகள் புகைபோக்கி வழியாகப் பறக்கும். சுற்றிலும் காய்ந்த தோகை! அதனால்தான் பல இன்ஜின்களின் புகைபோக்கி உச்சியில் பானையைக் கவிழ்த்ததுபோல ஒரு வீக்கம் இருக்கும். தீப்பொறிகளைத் தடுக்கும் வலை அதற்குள் இருக்கிறது.

இனி 'இன்ஜின்'. இதன் மூலம் 'இன்ஜெனியம்' என்ற லத்தீன் சொல். பிறவி அறிவு, அதிலிருந்து அறிவால் செய்த கருவி என்று பொருள் வளர்ந்தது. அதே வேரிலிருந்து வந்த ஸ்பானியச் சொல் 'இன்ஹேனியோ', போர்த்துக்கீசியச் சொல் 'எங்ஙேன்யு'. கியூபாவிலும் பிரேசிலிலும் இவற்றுக்கு என்ன பொருள் தெரியுமா? சர்க்கரை ஆலை! இன்ஜினும் ஆலையும் ஒரு தாய் வயிற்றுச் சொற்கள்.

இதைப் படித்ததும் எனக்குத் தமிழ் 'எந்திரம்' நினைவுக்கு வந்தது. ஒலி நெருக்கம் இருந்தாலும் இன்ஜினுக்கும் எந்திரத்துக்கும் உறவு கிடையாது. எந்திரம் 'யந்த்ர' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. ஆனால் அதுவும் சங்க காலத்திலேயே கரும்போடு சேர்ந்துவிட்டது. 'கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்' என்கிறது ஐங்குறுநூறு. ஆண் யானைக்கு எதிராகப் பிளிறிய அது, கரும்பு பிழியும் ஆலை. லத்தீன் வழியில் நடந்தது, எந்தத் தொடர்பும் இல்லாமல் இங்கேயும் நடந்திருக்கிறது. எனக்கு இதில் அளவில்லாத மகிழ்ச்சி.

அப்படியானால் தோட்டத்து லோகோமோட்டிவைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'கரும்பு எந்திரம்' ஆகாது, அந்தப் பெயர் பிழிவதற்குப் போய்விட்டது. 'இடம்பெயர் பொறி' சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் வேலையைக் காட்டவில்லை. 'உந்துபொறி' என்றால் பின்னாலிருந்து தள்ளுவதுபோல இருக்கிறது. என் தேர்வு 'இழுபொறி'. இது முன்னால் நின்று வண்டிகளை இழுப்பது, அவ்வளவுதான். பேச்சில் 'கரும்பு ரயில் இன்ஜின்' என்றாலும் குறையில்லை. எழுத்தில் 'நீராவி' என்ற முன்னொட்டைச் சேர்ப்பது நல்லது. ஏனென்றால் குயின்ஸ்லாந்தில் இன்று கரும்பு இழுப்பவை டீசல் இழுபொறிகள். அப்புறம் ஓர் எச்சரிக்கை: தமிழில் பொறி என்றால் எந்திரமும் உண்டு, நெருப்புத் துணுக்கும் உண்டு. சக்கை எரிக்கும் இன்ஜினைப் பற்றி எழுதும்போது, பறப்பதைத் 'தீப்பொறி' என்று முழுதாக எழுதிவிடுங்கள்.