ஒழுகாத ஓட்டை: பழைய டீசல் பிக்கப் ஏற்றத்தில் ஏன் திணறி நிற்கிறது?

பொங்கலுக்கு முந்தின நாட்களில் பெங்களூரின் அல்சூர், மர்பி டவுன், விவேக் நகர்ப் பக்கமிருந்து தருமபுரி, திருவண்ணாமலை என்று கிளம்பும் வண்டிகளில் பழைய டீசல் பிக்கப்புகளும் உண்டு. மற்ற நாளெல்லாம் சிட்டி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிற வண்டி, அன்றைக்குக் குடும்பத்தை முன்னாலும் ஒரு பீரோவைப் பின்னாலும் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகும். போகும்போது பெரும்பாலும் தொந்தரவு இருக்காது; ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை சாலை மொத்தத்தில் இறக்கம். திரும்பி வரும்போது அதே 50 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 400 மீட்டர் ஏற வேண்டும். மேலுமலை ஏற்றத்தில் இழுவை குறையும், இன்ஜின் விக்கும், நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டு செல்ஃப் அடித்தால் கிளம்பும். இரண்டு கிலோமீட்டர் போய் மறுபடி நிற்கும்.

இந்த இடத்தில் பலரும் டீசல் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பம்ப்பைக் கழற்றி, சர்வீஸுக்குக் கொடுத்து, பல ஆயிரம் ரூபாய் செலவழித்து, அடுத்த பயணத்தில் அதே இடத்தில் அதே மாதிரி நிற்கிறார்கள். மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய வண்டி இப்படி விட்டுவிட்டு நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றைத்தான். ‘ஏர் எடுத்துடுச்சு’ என்று மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். கொஞ்சம் காற்று எப்படி ஒரு இன்ஜினையே நிறுத்தும் என்பது புரிந்துவிட்டால், கோளாறை எங்கே தேடுவது என்பதும் புரிந்துவிடும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை, இன்ஜினைப் பொறுத்து, பதினாறில் ஒரு பங்கிலிருந்து இருபத்திரண்டில் ஒரு பங்கு வரை நெருக்கும்போது, அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாகிவிடும். அதற்குள் டீசலைப் புகைபோல நுண்ணிய துளிகளாகத் தெளித்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டியது இந்தத் தத்துவத்தைத்தான். ஆனால் அவருடைய இன்ஜினில் டீசலைத் தெளிக்கப் பெரிய காற்று அமுக்கி ஒன்று தனியாகத் தேவைப்பட்டது. அதைச் சாலை வண்டியில் ஏற்ற முடியாது. சிறிய, நம்பகமான டீசல் பம்ப்பை பாஷ் நிறுவனம் 1927-இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகுதான் டீசல் லாரி பரவலாயிற்று. அந்தப் பம்ப்புக்கும் பெங்களூருக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1951-இல் தொடங்கப்பட்ட பாஷின் இந்திய நிறுவனமான மைக்கோ, இங்கே ஆடுகோடி ஆலையில் டீசல் பம்ப்புகளையும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களையும் செய்தது. 2008-இல் நிறுவனத்தின் பெயர் பாஷ் என்றே மாறியது. மைக்கோ லேஅவுட்டில் அந்தப் பழைய பெயர் இன்னும் இருக்கிறது.

சரி, காற்றுக்கு வருவோம். ஒரு பிக்கப் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்து, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 6 லிட்டர், அதாவது 60 லட்சம் கன மில்லிமீட்டர் டீசல் செலவாகிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை டீசல் போகும். மணிக்கு 2,40,000 தெளிப்பு. வகுத்துப் பார்த்தால் ஒரு தெளிப்புக்கு 25 கன மில்லிமீட்டர்தான். ஒரு மிளகு அளவு காற்றுக் குமிழ், 5 மில்லிமீட்டர் விட்டம் என்றால், 65 கன மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு தெளிப்புக்கும் அதிகமான டீசலின் இடத்தை அது ஒன்றே பிடித்துக்கொள்கிறது.

அதைவிட முக்கியமானது அழுத்தம். நாசில் திறக்க, இன்ஜின் வகையைப் பொறுத்து, 120 முதல் 250 பார் வரை அழுத்தம் வேண்டும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). டீசல் அவ்வளவாக நெருங்காது. 200 பார் வர அதன் கன அளவு சுமார் 1.3 சதவீதம் சுருங்கினால் போதும். அதனால் பம்ப்பின் பிளஞ்சர், அதாவது டீசலை அமுக்கும் தண்டு, சற்றே நகர்ந்தாலும் அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். காற்று அப்படியில்லை. 65 கன மில்லிமீட்டர் குமிழைப் பிளஞ்சர் 25 கன மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கினால் மீதி 40. அழுத்தம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே போகும், அவ்வளவுதான். 200 பார் வேண்டிய இடத்தில் இரண்டு பார்கூடத் தேறுவது சந்தேகம். நாசில் திறக்காது. பிளஞ்சர் திரும்பி வரும்போது நெருங்கின குமிழ் மறுபடி விரியும். பம்ப்பில் எந்தப் பழுதும் இல்லை, ஆனால் ஒரு சொட்டு டீசல் போகவில்லை. நல்ல பம்ப்பைக் கழற்ற வைப்பது இந்தக் குமிழ்தான்.

அப்படியானால் காற்று எங்கிருந்து வருகிறது? எல்லோரும் ஒழுகும் இடத்தைத் தேடுகிறார்கள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்து, ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, லைன் நன்றாக இருக்கிறது என்று எழுந்துவிடுகிறார்கள். ஆனால் டேங்க் வண்டியின் நடுவிலோ பின்னாலோ தாழ்வாக இருக்கிறது, அதிலிருந்து டீசலை இழுத்து மெயின் பம்ப்புக்குக் கொடுக்கும் ஃபீட் பம்ப் முன்னால் இன்ஜினோடு இருக்கிறது. வண்டி ஓடும்போது டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள குழாய் முழுக்க உறிஞ்சும் பக்கம். அதற்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை இருக்கும், ஒழுகாது.

ஏற்றத்தில் ஏன் நிற்கிறது என்பதற்கும் இதுவே விடை. சமதளத்தில் செலவாகும் டீசலைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஏற்றத்தில் வேண்டும். குழாயில் ஓட்டம் கூடும், உறிஞ்சல் கூடும், வெடிப்பு வழியாக வரும் காற்றும் கூடும். உறிஞ்சும் பக்கத்து ஃபில்டரில் அழுக்கு சேர்ந்திருந்தால் இன்னும் மோசம். நிறுத்திவிட்டால் குமிழ்கள் மெல்ல மேலே சேர்ந்து ஒதுங்கும், அதனால்தான் பத்து நிமிடத்தில் மறுபடி கிளம்புகிறது. இரவு முழுக்க நிறுத்தினால் வெடிப்பு வழியாகக் காற்று புகுந்து, குழாயில் இருந்த டீசல் டேங்க்குக்கே இறங்கிவிடும். காலையில் வெகுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டிய வண்டியும் ஏற்றத்தில் நிற்கும் வண்டியும் பல சமயம் ஒரே நோயாளி.

டேங்க் மூடியும் இதே அறிகுறியைக் காட்டும். மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்துவிட்டால், டீசல் குறையக் குறைய டேங்க்குக்குள் வெற்றிடம் உருவாகி, ஃபீட் பம்ப்பால் இழுக்க முடியாமல் போகும். நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, அதன் பிறகு வண்டி ஒழுங்காக ஓடினால் வேலை அங்கேயே முடிந்தது.

ஸ்பேனரை எடுக்கும் முன் இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு சைலன்ஸரைப் பாருங்கள். புகையே வரவில்லையென்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. ஹீட்டர் பிளக், கம்ப்ரெஷன், டைமிங் இவற்றில் தேட வேண்டும். இது ஒன்றே பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

எப்படி நின்றது என்பதையும் நினைத்துப் பாருங்கள். திணறித் திணறி நின்றால் டீசல் பற்றாக்குறை. சாவியை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால், பம்ப்பில் டீசலைத் திறந்து மூடும் மின் வால்வான ஸ்டாப் சோலினாய்டுக்கு மின்சாரம் போகிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பும்போது அது ‘டக்’ என்று ஒலிக்க வேண்டும். ஃபியூஸோ ஒயரோ போயிருக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றினால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

காற்று எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த சோதனை மிக எளிமையானது. டேங்க்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, சுத்தமான கேனில் டீசல் ஊற்றி இன்ஜினுக்கு மேலே, சூடான பாகங்களுக்கு எட்டத்தில் கட்டி, ஒளி ஊடுருவும் ஹோஸ் வழியாக ஃபீட் பம்ப்புக்குக் கொடுங்கள். வண்டியை நிறுத்திய இடத்திலேயே ரேஸ் கொடுத்துப் பாருங்கள். ஒழுங்காக ஓடினால் குறை கேனுக்குப் பின்னால், அதாவது டேங்க்கிலோ லைனிலோ இருக்கிறது. ஒரு மீட்டர் உயரத்தில் உள்ள டீசல் 0.08 பார் அழுத்தம் தரும். மிகக் குறைவுதான், ஆனால் இப்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிட அதிகம். ஃபில்டர் பக்கத்திலோ, குழாயை இணைக்கும் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டிலோ ஓட்டை இருந்தால், அதுவரை ஒழுகாதது இப்போது ஈரமாகத் தெரியும்.

பெரும்பாலும் மாட்டுவது ரப்பர் ஹோஸ்தான். அடுத்து பேன்ஜோ போல்ட்டின் செம்பு வாஷர். ஒருமுறை இறுக்கிய செம்பு கெட்டியாகிவிடும், மறுபடி போட்டால் சரியாக உட்காராது. புது வாஷர் கிடைக்காத இடத்தில், பழையதைச் செந்தணலாகச் சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகும். ரப்பரைப் பற்றி இன்னொரு விஷயம். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 டீசல் வந்து, கந்தகம் 50 பிபிஎம்-இலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10-ஆகக் குறைந்தது. நம் காற்றுக்கு அது மிக நல்ல மாற்றம். ஆனால் கந்தகத்தை நீக்கும் முறை, ரப்பரை உப்ப வைக்கும் அரோமாட்டிக் சேர்மங்களையும் குறைக்கக்கூடும். பல வருடம் உப்பியே பழகிய பழைய நைட்ரைல் ரப்பர் அப்போது சுருங்கும். அமெரிக்காவில் 1993-இல் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பழைய பம்ப்புகளின் சீல்கள் ஒழுகிய அனுபவம் உண்டு. ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஹோஸைப் பார்வையை வைத்து முடிவு செய்யாமல், ஜே.சி. ரோட்டில் டீசல் தாங்கும் புது ஹோஸாகக் கேட்டு வாங்கி மாற்றிவிடலாம். பம்ப் சர்வீஸோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

ஓட்டையை அடைத்த பிறகு உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டரின் மேலே உள்ள ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்று தளர்த்திக் கைப் பம்ப்பை அடியுங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழில்லாத டீசல் வரும். டீசல் வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை மூடுங்கள். மெயின் பம்ப்பில் ஸ்க்ரூ இருந்தால் அங்கும் அப்படியே. பிறகு செல்ஃப் அடியுங்கள், ஒரு தடவைக்கு 15 நொடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் மோட்டார் ஆறட்டும். அப்படியும் கிளம்பாவிட்டால் இரண்டு நாசில்களின் பைப் நட்டைத் தளர்த்தி, டீசல் சிதறும் வரை செல்ஃப் அடித்துவிட்டு இறுக்க வேண்டும்.

அந்த நேரத்தில் கையும் முகமும் பக்கத்தில் இருக்கவே கூடாது. நாசிலிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். எவ்வளவு சிறிய துளையானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே போனது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். எல்லா நாசில்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் கொடுக்கும் காமன் ரெயில் வந்த பிந்தைய வண்டிகளில் இந்த அழுத்தம் 1600 பாரையும் தாண்டும். அவற்றில் நாசில் பைப் நட்டை யாரும் சாலையில் தளர்த்தக் கூடாது, டோ வண்டியைக் கூப்பிட்டுவிட வேண்டும்.