கரப்பானுக்கு வலிக்குமா?

தெருநாய் மேல் கல்லெறியும் பிள்ளையைக் கண்டிக்கிறோம். அதே பிள்ளை கொசு மட்டையைச் சுழற்றிப் பட்பட்டென்று பொறி பறக்கவிட்டால், "அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு இருக்கு பார்" என்கிறோம். இரண்டும் உயிர்தானே, ஒன்றைக் கொன்றால் மட்டும் ஏன் தப்பில்லை என்று ஏழாவது படிக்கும் மகள் கேட்டாளாம். பதில் சொல்லத் தெரியவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

நம்மில் பலரும் சொல்லும் பதில், நாய்க்கு வலிக்கும், கொசுவுக்கு வலிக்காது என்பது. உருவம் சிறிது, ஆயுள் குறைவு என்பதும் கூடவே வரும். அவை பலமான வாதங்கள் இல்லை. சிட்டுக்குருவியும் சிறியதுதான், அதன் சிறகைப் பிய்த்தால் நமக்குப் பதறுகிறது. கடைசியில் மிஞ்சுவது வலி ஒன்றுதான். கடந்த இருபது ஆண்டுகளில் அறிவியல் நன்றாகத் தடம் மாறியிருப்பதும் அங்கேதான்.

சூடான பாத்திரத்தைத் தொட்டதும் கை தானாக விலகுவது அனிச்சைச் செயல், தண்டுவடமே முடித்துவிடும் வேலை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 'ஆ' என்ற வலி அதற்குக் கொஞ்சம் பிந்தி, செய்தி மூளைக்குப் போன பிறகுதான் வருகிறது. ஆக, ஒரு பூச்சி சூட்டிலிருந்து விலகியது என்பதை மட்டும் வைத்து அதற்கு வலித்தது என்று சொல்லிவிட முடியாது.

1984-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிலர் இந்தக் கேள்வியை எடுத்து, வலிக்காது என்ற பக்கமே சாய்ந்தார்கள். அவர்கள் காட்டிய சான்றுகள் வலுவானவை. கால் நசுங்கிய பூச்சி நொண்டுவதில்லை, அதே காலை ஊன்றித்தான் நடக்கிறது. வெட்டுக்கிளியின் உடம்பைக் கும்பிடுபூச்சி தின்றுகொண்டிருக்கும்போதே, வெட்டுக்கிளி தன்பாட்டுக்கு இலையைத் தின்கிறது. பெண் கும்பிடுபூச்சி தலையைத் தின்றாலும் ஆண் புணர்ச்சியை நிறுத்துவதில்லை. ஒரு பாலூட்டியிடம் இதையெல்லாம் பார்க்க முடியுமா? பூச்சியியல் வகுப்புகளில் வெகுகாலம் இதுவே கடைசி வார்த்தையாக இருந்தது.

பாலூட்டியிடமும் பார்க்க முடியும் என்பதுதான் விஷயம். இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், படுகாயத்தோடு வந்த சிப்பாய்களில் முக்கால்வாசிப் பேர் வலி மருந்து கேட்கவில்லை என்று 1946-இல் எழுதினார். காயம் பெரிது, நினைவும் தெளிவாக இருந்தது, ஆனால் வலி அடங்கிக் கிடந்தது. 1969-இல் எலியின் நடுமூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மின்சாரத்தால் தூண்டிவிட்டு, மயக்க மருந்தே இல்லாமல் அதன் வயிற்றில் அறுவை செய்து காட்டினார்கள். காயத்திலிருந்து செய்தி மேலே போவது பாதிக் கதைதான். மூளையிலிருந்து கீழே இறங்கி வரும் நரம்புகள் அந்தச் செய்தியை எவ்வளவு உள்ளே விடுவது என்று முடிவு செய்கின்றன. ஏரி மடையில் நிற்பவர் தேவை பார்த்துத் திறப்பதும் அடைப்பதும் போல, ஓடித் தப்பிக்க வேண்டிய நேரத்தில் மூளை மடையை இறக்கிவிடுகிறது, ஆபத்து நீங்கிய பிறகு திறந்துவிடுகிறது.

இந்தப் பின்னணியில் வெட்டுக்கிளியை மறுபடி பாருங்கள். தின்னப்படும்போதும் அது தின்றது, வலி என்ற ஏற்பாடே இல்லாததாலா? அல்லது அதன் மூளை மடையை இறக்கிவிட்டதாலா? வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். அப்படி உள்ளே போக வழிகாட்டியது, அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈயின் புழு.

நாலைந்து மில்லிமீட்டர் நீளம், வெள்ளை நிறம், கால் கிடையாது. மெல்லிய தூரிகையால் தடவினால் சற்று நிற்கும், தலையைத் திருப்பும், பின்வாங்கும். சூடான கம்பி முனையால் தொட்டால் நடப்பதே வேறு. ஊர்வதை விட்டுவிட்டு, உடம்பைப் பிறை வடிவில் வளைத்து, பக்கவாட்டில் உருளும். ஒரு முழுச் சுற்று, தேவையானால் இன்னும் ஒன்று. சாதாரணத் தொடுதலுக்கு இப்படி உருளாது. தோலுக்கு நேர் அடியில் கிளை பரப்பிப் படர்ந்திருக்கும் ஒரு வகை நரம்பணுக்கள்தான் இதை ஏவுகின்றன. 2003-இல் கலிபோர்னியாவில் சீமோர் பென்சரின் ஆய்வகத்தில், சூட்டுக்கு உருள மறுக்கும் புழுக்களைத் தேடிப் பிடித்து, அவற்றில் பழுதாகியிருந்த மரபணுவுக்கு 'பெயின்லெஸ்' என்றே பெயர் வைத்தார்கள். கடுகின் நெடி மூக்கில் ஏறும்போது நமக்குள் விழித்துக்கொள்கிற புரதமும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது!

சூடான கம்பி காட்டில் கிடையாது. பிறகு எதற்கு இந்த உருளல்? ஒட்டுண்ணிக் குளவிகளுக்காக. மிகச் சிறிய ஒரு குளவி, புழுவின் உடம்புக்குள் ஊசியைச் செருகி முட்டையிடப் பார்க்கும். முட்டை உள்ளே போய்விட்டால் குளவியின் குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். ஊசி குத்தியதும் புழு, குளவி நிற்கும் பக்கமாகவே உருள்கிறது. குளவி தடுமாறுகிறது, ஊசி கழன்றுகொள்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடியும் இந்தத் தற்காப்பை ஒருமுறை பார்த்தவர்களால் 'வெறும் புழு' என்று எளிதில் சொல்ல முடியாது.

இதுவரை எல்லாம் அனிச்சையாகவே இருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2023-இல் ஜப்பானிலிருந்து வந்தது. இந்தப் புழுவின் மூளையில் ஒரு சில நரம்பணுக்கள் சல்ஃபகைனின் என்ற சிறு புரதத்தைச் சுரக்கின்றன. அவற்றின் இழைகள் மூளையிலிருந்து கீழே, நமக்குத் தண்டுவடம் போலப் புழுவுக்கு இருக்கும் நரம்பு வடத்துக்குள் இறங்குகின்றன. இந்த அணுக்களைத் தூண்டிவிட்டால் சூடு பட்டும் புழு உருளத் தயங்குகிறது. இந்தப் புரதம் வேலை செய்யாமல் தடுத்தால் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக உருள்கிறது. அதாவது மடையும் இருக்கிறது, மேலிருந்து அதை இறக்கும் கையும் இருக்கிறது. இன்னொன்று: சல்ஃபகைனினுக்கு நம் உடம்பில் உறவுக்காரர் உண்டு. கோலிசிஸ்டோகைனின் என்று பெயர். பாலூட்டிகளில் வலியைக் கூட்டிக் குறைக்கும் வேலையில் அதற்கும் பங்கிருக்கிறது. புழுவும் நாமும் பிரிந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரே குடும்பத்து வேதிப்பொருள் இரண்டு பக்கமும் மடை காத்துக்கொண்டிருக்கிறது.

வளர்ந்த பூச்சிகளிடமும் இது போலத்தான். லண்டனில் 2022-இல் பம்பிள் தேனீக்களுக்குச் சர்க்கரைக் கரைசல் வைத்தார்கள். சில தட்டுகளின் அடியில் 55 டிகிரி சூடு, சிலவற்றில் சூடில்லை. எது எது என்று நிறத்தை வைத்துத் தேனீக்கள் பழகிக்கொண்டன. இரண்டிலும் ஒரே இனிப்பு என்றால் சூடான தட்டை ஒதுக்கின. சூடில்லாத தட்டில் இனிப்பைக் குறைக்கக் குறைக்க, சூட்டைப் பொறுத்துக்கொண்டு நல்ல கரைசலுக்கே வந்தன. சுட்டதும் விலகும் அனிச்சை இப்படிக் கணக்குப் போடாது. சிட்னியில் 2019-இல் வந்த இன்னொரு ஆய்வில், ஒரு காலை இழந்த பழ ஈக்கள் காயம் ஆறிய பிறகும், மற்ற ஈக்கள் கண்டுகொள்ளாத மிதமான சூட்டுக்கே துள்ளி ஓடின. செய்தியை அடக்கி வைக்கும் நரம்பணுக்கள் செத்துப்போயிருந்தன. நரம்பு அடிபட்டவர்களுக்கு வருடக்கணக்கில் தொடரும் வலியிலும் இதே கோளாறு உண்டு.

சரி, இதனால் பூச்சிக்கு வலிக்கும் என்று நிரூபணமாகிவிட்டதா? இல்லை. ஆனால் வலிக்காது என்று நிம்மதியாக இருக்கவும் இனி இடமில்லை. 2022-இல் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, பூச்சி வரிசைகளை, அதாவது பூச்சிகளின் பெரும் பிரிவுகளை, வலிக்கான எட்டு அளவுகோல்களில் சோதித்தார்கள். எட்டில் ஆறு தேறியவை இரண்டு வரிசைகள்: ஈயும் கொசுவும் அடங்கியது ஒன்று, கரப்பானும் கரையானும் அடங்கியது மற்றொன்று. நாம் யோசிக்காமல் கொல்லும் பூச்சிகளுக்கே சான்று அதிகம்.

"செடிக்கும்தான் உயிர் இருக்கு, கீரையைப் பறிக்கலையா?" என்று கேட்பவர்களுக்கு: செடிக்கு நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. மேலே சொன்ன எதுவும் கீரைக்குப் பொருந்தாது.

சட்டங்கள் இந்த விஷயத்தில் ஒரு சீராக இல்லை. பிரிட்டன் 2022-இல் கொண்டுவந்த சட்டம் நண்டையும் இறாலையும் ஆக்டோபஸையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றது. பூச்சிகளைச் சேர்க்கவில்லை. பரிணாமப்படி பூச்சிகள் நண்டு, இறால் வம்சத்துக்குள்ளிருந்தே கிளைத்தவை. நண்டுக்கும் பூச்சிக்கும் நடுவே சட்டம் போட்ட அந்தக் கோட்டுக்கு உயிரியலில் ஆதாரம் குறைவு. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ, மனிதர் தவிர்த்த எந்த உயிரினமும் விலங்குதான் என்கிறது. எழுத்தின்படி கரப்பானும் அதில் அடக்கம். நடைமுறையில் அந்த வரியை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

கொசுவைக் கொல்லத்தான் வேண்டும். டெங்குக் காய்ச்சலில் ஒரு குழந்தையின் ரத்தத்தட்டுகள் இறங்குவதைப் பார்த்தவர் யாரும் இதில் தயங்க மாட்டார்கள். நானும் தயங்குவதில்லை. பயிரைத் தின்னும் புழுவைக் கொல்லும் விவசாயியையும் குற்றம் சொல்ல மாட்டேன். நான் கேட்பது, எப்படிக் கொல்கிறோம் என்பதை. வீட்டில் அடிக்கும் கரப்பான் மருந்துகள் பலவற்றில் இருப்பது பைரித்ராய்டு வகை நஞ்சு. நரம்பணுவில் சோடியம் உள்ளே வரும் வாசல் திறந்தால் உடனே மூட வேண்டும். இந்த நஞ்சு அதை மூடவிடாது. நரம்புகள் திரும்பத் திரும்பத் துடிக்கும், கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும், கரப்பான் மல்லாந்து கிடக்கும். அரைகுறையாக நஞ்சு பட்டால் சாக மணிக்கணக்காகும். பசை அட்டையில் ஒட்டியது நாள்கணக்கில் கிடந்து சாகும். செருப்பால் ஓங்கி ஒரே அடி என்றால் ஒரு நொடிகூட ஆகாது. அருவருப்பாக இருந்தாலும் அதுதான் இரக்கமான வழி. வீட்டில் சிங்க்கைக் காயவைப்பதும் ஜன்னலுக்கு வலை அடிப்பதும் அதைவிட நல்லது. எத்தனை மில்லிகிராம் போட்டால் பாதிப் பூச்சிகள் சாகும் என்று அளக்கக் கிடைக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு சின்னப் பங்காவது, அவை சாகும் விதத்தை ஆராயப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பட்டு விஷயத்தில் எனக்குக் கோபம்கூட வரும். கூட்டைத் துளைத்துக்கொண்டு அந்துப்பூச்சி வெளியே வந்தால் நூல் அறுந்துபோகும் என்பதால், உள்ளே இருப்பதை நீராவியிலோ சூடான காற்றிலோ கொன்றுவிடுகிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள். அப்படி வந்த துணிக்கு 'மடி', தீட்டே ஒட்டாது என்று பெயர். இந்த நம்பிக்கையை எந்தக் கணக்கில் சேர்ப்பது? காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதியே பட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். காஞ்சிபுரம் கேட்கவில்லை.

இனி வரப்போகும் எண்ணிக்கை இதையும் விடப் பெரிது. கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகக் கறுப்புப் படைவீரன் ஈயின் புழுவைப் பல நாடுகளில் தொழிற்சாலை அளவில் வளர்க்கிறார்கள். நம் ஊரிலும் ஈரக்குப்பையைத் தின்னவைக்க இந்தப் புழுவை வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். இதுவும் ஈ வரிசைதான், பழ ஈயின் சொந்தம். இவற்றைக் கொல்லும் முறைகளை ஒப்பிடும் ஆய்வுகள் இப்போது நடக்கின்றன. அரைக்கும் இயந்திரத்தில் புழு வெளியேறும் துளை சிறிதாக இருந்தால் ஏறக்குறைய எல்லாப் புழுவும் அந்தக் கணமே சாகிறது, பெரிதாக இருந்தால் கணிசமானவை உடனே சாவதில்லை. ஒரு தகட்டை மாற்றினால் போதும், செலவும் அதிகமில்லை. இந்தியாவில் இத்தொழில் இன்னும் சிறியது. விதிகளை இப்போதே எழுதுவது எளிது, ஆயிரம் பண்ணைகள் வந்த பிறகு எழுதுவது கடினம்.