வாடகை பாக்கி வழக்கில் நீதிபதி எதைப் பார்க்கிறார்?

வாடகை வழக்கோடு வருகிற கட்சிக்காரர்கள் எல்லோரும் ஒரு கஷ்டத்தைச் சுமந்துதான் வருகிறார்கள். குடியிருப்பவருக்கு வேலை போயிருக்கும். வீட்டுக்காரர் அந்த வாடகையை நம்பி வங்கிக் கடன் கட்டிக்கொண்டிருப்பார். நீதிபதி இரண்டையும் பொறுமையாகக் கேட்பார். ஆனால் உத்தரவு எழுதும்போது அவர் புரட்டுவது தேதிகளைத்தான்.

முன்பு இவ்வளவு கறாராக இல்லை. தமிழ்நாட்டின் 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வாடகை பாக்கி என்பது மட்டும் ஒருவரைக் காலி செய்ய வைக்கப் போதவில்லை. குடியிருப்பவர் வேண்டுமென்றே கொடுக்காமல் இருந்தார் என்று காட்ட வேண்டியிருந்தது. அதிகப்படி அட்வான்ஸ் வீட்டுக்காரர் கையிலேயே இருந்தால், அதுவும் குடியிருப்பவருக்குக் கைகொடுத்தது. அதற்குப் பதிலாக வந்து 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ள, வீட்டுக்காரர், குடியிருப்பவர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ம் வருஷச் சட்டம் மனதுக்குள் போய்ப் பார்ப்பதில்லை. இரண்டு மாத பாக்கி, கேட்டு ஒரு நோட்டீஸ், அது கைக்குக் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையும் வட்டியும் வரவில்லை. இவ்வளவுதான் 21-வது பிரிவு கேட்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் பாக்கியைக் காரணம் காட்டிக் காலி செய்ய உத்தரவு போட முடியாது.

வக்கீலான என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு மாதத்தைச் சும்மா கழியவிட்டு வருகிறவர்கள். இன்னும் சிலர் நோட்டீஸையே வாங்கவில்லை. தபால்காரர் வந்தால் "அவர் ஊரில் இல்லை" என்று சொல்லிவிட்டால் தப்பித்துவிட்டதாக நினைப்பு. சரியான முகவரிக்குப் போன பதிவுத் தபால் 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திரும்பினால், கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். விவரம் தெரிந்த வீட்டுக்காரர் அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே சான்றாவணமாகத் தாக்கல் செய்வார். தபால்காரர் பால்பாயிண்ட் பேனாவில் கிறுக்கிய இரண்டு வார்த்தையும் தேதி முத்திரையும் அரை மணி நேர வாதத்தை முடித்துவிடும்.

அடுத்தது, கொடுத்தேனா இல்லையா என்ற சண்டை. சென்னை அயனாவரம் பக்கத்து மாடி வீட்டு வழக்கு ஒன்று. மாத வாடகை 12,000 ரூபாய், ரொக்கமாகவே கைமாறியது, ரசீது கிடையாது. வாடகை வரவில்லை என்று வீட்டுக்காரர் சொன்னால், கொடுத்ததைக் காட்ட வேண்டியது குடியிருப்பவர்தான். ஆனால் 14 மாதம் வாடகை வரவில்லை என்று அவர் சொன்னதும் நீதிபதி கேட்டார்: "அவ்வளவு நாள் ஒரு கடிதம்கூடப் போடாமல் ஏன் இருந்தீர்கள்?" பதில் வரவில்லை. பாக்கி 14 மாதம் என்பதை நீதிபதி அப்படியே நம்பவில்லை. ஆனாலும் கடைசி ஐந்து மாதத்துக்குக் குடியிருப்பவரிடமும் காகிதம் இல்லை; வீடு போனது. ஜிபேயில் அனுப்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒன்று மட்டும்: போன் திரையின் படத்தை நம்பி வராதீர்கள், வங்கிக் கணக்கு அறிக்கையை வாங்கி வாருங்கள்.

"அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்கிற வாதம் தினமும் கேட்பது. இப்போதைய சட்டத்தில் அட்வான்ஸ் என்பது காலி செய்தபின், பிடித்தம் போகத் திரும்ப வர வேண்டிய பணம். மாத வாடகைக்கு அது பதில் ஆகாது. வீட்டுக்காரர் கழித்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தால் எழுதி வாங்கியிருக்க வேண்டும். ஒழுகுகிற கூரைக்குச் செய்த செலவும் அப்படித்தான். முதலில் எழுத்தில் கேட்டு, அவர் செய்யாமல் விட்டு, பில்லோடு வந்தால் பேச இடமிருக்கிறது. கோபத்தில் வாடகையை நிறுத்திவிட்டுக் கூரையைக் காட்டினால் எடுபடாது.

வாடகையை வாங்க மறுத்து, பாக்கி என்று வழக்குப் போடும் வீட்டுக்காரர்களும் உண்டு. அப்போது மணியார்டரோ வங்கிப் பரிமாற்றமோ செய்துவிட்டு, அதுவும் திரும்பினால், இந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்டிருக்கும் வாடகை அதிகாரியிடம் கட்டிவிடலாம். திரும்பி வந்த மணியார்டர் படிவத்தைப் பத்திரமாக வையுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. இழுத்தடிக்கிறார் என்று தண்ணீரை நிறுத்துவது, மின் இணைப்பைப் பிடுங்குவது எல்லாம் சட்டம் நேரடியாகத் தடுத்திருக்கிற காரியங்கள். குடியிருப்பவர் மறுநாளே அதற்குத் தனி மனு போடுவார். உங்கள் பாக்கி மனுவுக்கு முன்னால் அதுதான் விசாரணைக்கு வரும்.