வான் பின்கண்ணாடி ஸ்டிக்கருக்கு எந்த லெமினேட்?

மட்டக்களப்பு – கல்முனை வீதியில் ஓடுகிற வான்களின் பின்பக்கம் இப்போது வெறுங்கண்ணாடியாக இருப்பது குறைவு. கடை விளம்பரம், ரியூஷன் வகுப்பு, பிள்ளையின் பெயர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். முக்கால்வாசி ஒன்வே விஷன் ஸ்டிக்கர்தான். வெளியில் படம், உள்ளே கறுப்பு, நடுவே ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் ஆயிரக்கணக்கான துளைகள். கண்ணாடியில் ஏறக்குறைய பாதி திறந்தே இருப்பதால் சாரதிக்குப் பின்னால் வருவது தெரிகிறது.

படத்தைத் தெரிவு செய்ய அரை நாள் உட்கார்ந்து யோசிக்கிறவர்கள், அதன் மேல் ஒட்டுகிற ஒளிபுகும் மெல்லிய பிளாஸ்ரிக் படலமான லெமினேட்டைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டாலும், "தம்பி, அது இல்லாம ஒட்டினா எவ்வளவு குறையும்?" என்பதுதான் கேள்வி. வாகனத்தின் தகட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கருக்கு லெமினேட் போடுவது படம் வெளிறாமல், கீறல் விழாமல் இருக்க. துளை ஸ்டிக்கரில் அந்த வேலையும் உண்டு, ஆனால் அது இரண்டாம் பட்சம். முதல் வேலை, துளைகளை மூடி மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பது.

லெமினேட் இல்லாத துண்டு ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டி ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் வழிந்துவிடும், ஆனால் ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு சொட்டு பிடித்துக்கொண்டு நிற்கும். விரலால் வழித்தாலும் போகாது. பின் வைப்பர் இருந்தாலும் அதன் ரப்பர் மேலாகத்தான் போய்வரும். அந்தப் பக்கம் நிற்கிற ஆள் கலங்கிய நிழலாகத்தான் தெரிவார். நமது பக்கத்தில் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில்தான் கொட்டுகிறது. அந்த நாலு மாதமும் சாரதிக்குப் பின்கண்ணாடி இல்லாத மாதிரித்தான். மழை விட்டால் புழுதி. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் துளைக்குள் போய் உட்கார்கிற தூசி, அடுத்த தூறலில் சேறாகிக் காய்ந்துவிடும். அதைத் துடைத்தெடுக்க முடியாது.

சரி, லெமினேட் போடுவோம் என்றால் எதைப் போடுவது? கடையில் ஏற்கெனவே கிடக்கிற சாதாரணக் குளோஸ் (பளபளப்பான) லெமினேட் ரோலை எடுத்து ஒட்டுவதுதான் அதிகம் நடக்கிறது. பிழையும் அங்கேதான். மலிவான லெமினேட்டின் பசை இலேசான பால் நிறம். பிரின்ட்டின் மேல் அது கண்ணுக்குத் தெரியாது. துளைக்கு மேல் வரும்போது, கண்ணாடிக்குப் பின்னால் மூட்டம் போட்ட மாதிரி இருக்கும். பகலில் சமாளிக்கலாம். இரவில் பின்னால் வருகிற பஸ்ஸின் லைற் அதில் பட்டால் கண்ணாடி முழுக்க வெளிச்சமாகப் பரவிவிடும். பளபளப்பில்லாத மெட் லெமினேட் இன்னும் மோசம். அதன் தொழிலே ஒளியைச் சிதறடிப்பதுதான்.

இன்னொன்று சுருக்கம். மலிவான லெமினேட்டுகள் பெரும்பாலும் உருளைகளுக்கு நடுவே அழுத்திச் செய்த கலண்டர் வகை பிவிசி; அது வெயிலில் மெல்ல மெல்லச் சுருங்கும். சூடேறிய பின்கண்ணாடியில் அது ஸ்டிக்கரையும் சேர்த்து இழுக்கும், ஓரம் கிளம்பும். கிளம்பிய ஓரத்தால் தண்ணீர் போகும்.

ஆகவே கேட்டு வாங்க வேண்டியது, ஒன்வே விஷனுக்கென்றே வருகிற 'ஒப்டிக்கலி கிளியர் காஸ்ட்' லெமினேட், அதாவது அழுத்தாமல் திரவமாக ஊற்றிச் செய்த, பார்வைக்குத் தெளிவான வகை. சுமார் 50 மைக்ரோன் தடிப்பு, கண்ணாடி போலத் தெளிந்த பசை. வளைந்த கண்ணாடியிலும் படியும், சுருக்கமும் மிகக் குறைவு. விலை கூடத்தான். ஆனால் ஒரு வானின் பின்கண்ணாடி பத்துச் சதுர அடி சொச்சம்தானே!

ரோலின் பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சிறு துண்டைக் கண்ணாடியில் ஒட்டி, அதனூடாக வீதிக்கு அந்தப் பக்கம் நிற்கிற வாகனத்தின் இலக்கத் தகட்டை வாசியுங்கள். பின்னேரம் தெருவிளக்கையும் பாருங்கள். விளக்கைச் சுற்றி வட்டமாகப் புகை தெரிந்தால் அந்த ரோல் கண்ணாடிக்கு ஆகாது.

நல்ல ரோலையும் கெடுக்கலாம். சொல்வென்ட் மையில் பிரின்ட் பண்ணிய படத்தை ஒரு நாள், இரண்டு நாள் காயவிட வேண்டும். விடிய கொழும்புக்கு வெளிக்கிட வேண்டும் என்று வாடிக்கையாளர் வாசலில் நிற்பார், நிற்கட்டும். லெமினேட்டரில் அழுத்தம் கூடினால் பசை துளைக்குள் இறங்கி ஒவ்வொரு துளையும் சின்ன லென்ஸ் ஆகிவிடும். லெமினேட்டை இழுத்துப் பிடித்து ஓட்டினால் பிறகு ஸ்டிக்கர் சுருளும். அப்புறம் ஓரம். ஸ்டிக்கரையும் லெமினேட்டையும் ஒரே கோட்டில் வெட்டினால் ஓரத்துத் துளைகள் பாதியாகத் திறந்துகொள்ளும், தண்ணீர் நேரே உள்ளே. படத்தை முதலில் சிறிதாக வெட்டி, லெமினேட் சுற்றிவர சுமார் ஒரு சென்ரிமீற்றர் வெளியே வந்து கண்ணாடியில் ஒட்டுகிற மாதிரி விடுங்கள். கண்ணாடியைச் சுற்றியிருக்கிற பீடிங் ரப்பரின் மேல் ஏறக்கூடாது.

ஷாம்பூத் தண்ணீர் தெளித்து ஒட்டுகிற நம் பழக்கம் இங்கே உதவாது. தண்ணீர் லெமினேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே துளைகளில் சிறைப்பட்டுவிடும். உலர்வாகத்தான் ஒட்ட வேண்டும். கல்லடி, பாசிக்குடா என்று கடற்கரைப் பக்கம் ஓடுகிற வாகனமென்றால் கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கும். கழுவிக் காயவைத்து, ஐசோபுரோபைல் அல்கஹோலால் துடைத்த பிறகே கை வையுங்கள்.

ஏற்கெனவே கறுப்பாக்கிய கண்ணாடியென்றால் இதெல்லாம் சரியாகச் செய்தாலும் பயனில்லை. அது விடுகிற கொஞ்ச வெளிச்சத்திலும் பாதியை ஸ்டிக்கர் மறைத்துவிடும். ஏற்றி இறக்குகிற கதவுக் கண்ணாடியிலும் நான் ஒட்டுவதில்லை, ரப்பர் ஓரத்தை உரித்துவிடும்.

காஸ்ட் லெமினேட்டுக்குக் காசு கட்டாது என்றால் கண்ணாடியை விட்டுவிடுங்கள். அதே படத்தைப் பின்கதவின் தகட்டில் துளையில்லாத ஸ்டிக்கராக ஒட்டலாம். அங்கே சாதாரண லெமினேட் போதும்.