கடும் நீலமா, சந்தன நிறமா?

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் நான் பெயின்ட் அடிக்கப் போன ஒரு பழைய வீடு. மேற்குப் பார்த்த படுக்கையறை, யன்னலுக்கு வெளியே பெரிய மாமரம், சிவப்புச் சீமெந்து நிலம். சுவருக்கு, வீட்டுக்கார அக்காவுக்குக் கடும் நீலம் வேண்டும், அண்ணைக்குச் சந்தன நிறம். கலர் கார்ட்டை நீட்டி, "தம்பி, எது நல்லம், நீங்களே சொல்லுங்கோ" என்றார்கள்.

நான் சொல்லவில்லை. இரண்டடிச் சதுரப் பலகைகள் இரண்டில் இரண்டு கோட் அடித்துக் காயவைத்து, "மூன்று நாள் வைத்துப் பாருங்கோ" என்று கொடுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். ஒரு நிறம் பக்கத்து நிறத்தின் தோற்றத்தை மாற்றிவிடும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839இலேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார்.

காலையில் மாவிலைப் பச்சை விழுந்து சந்தனம் பாசி பிடித்ததுபோல் இருந்தது. பின்னேர வெயில் நிலத்தில் பட்டுத் தெறிக்க, அதே பலகை செங்கல் சாயலுக்கு மாறியது. நீலம் பகலில் அழகுதான். இரவில் மஞ்சள் எல்இடி பல்பின் கீழ் கறுத்துப்போனது. அந்த வெளிச்சத்தில் நீலக்கதிர் குறைவு, சுவர் எதைத் திருப்பி அனுப்பும்? நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 80 வீதத்துக்கு மேல் திருப்பித் தரும், கடும் நீலம் 10 வீதம்கூடத் தராது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை உப்பு. ஈரத்தடுப்பு இல்லாத அத்திவாரமுள்ள பழைய வீடுகளில் மாரி முடிந்ததும் நிலத்து ஈரம் ஏறிய சுவரின் அடிப்பகுதியில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். சந்தன நிறத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. நீலத்தில் வெள்ளைத் திட்டாக அறை முழுக்கத் தெரியும். ஈரத்தைச் சரிசெய்யாமல் எந்த நிறம் அடித்தாலும் உரியத்தான் செய்யும். இதைப் பார்க்காமல் அடித்த ஒரு சுவரை முழுதாகச் சுரண்டி எடுத்த அனுபவம் எனக்கு உண்டு. தயவுசெய்து முதலில் சுவரின் அடியைத் தொட்டுப் பாருங்கள். புதுச் சீமெந்துப் பூச்சென்றால் பெயின்ட் அடிக்க முன் 28 நாளாவது காயவிடுங்கள்.

அந்த அறையில் கட்டிலின் தலைமாட்டுச் சுவர் காய்ந்து நன்றாக இருந்தது. அதற்கு மட்டும் நீலம், மற்ற மூன்றுக்கும் கொஞ்சம் வெளிர்ந்த சந்தனம். பல்பையும் மஞ்சள் குறைந்த 4000 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மாற்றினோம். பலகைகள் இன்னும் அவர்களிடம்தான் இருக்கின்றன, விறாந்தைக்கும் வைத்துப் பார்க்கப் போகிறார்களாம்.