3 டிகிரியில் பனி எப்படி விழுகிறது?

சியாட்டிலுக்குப் பக்கத்தில் ரெட்மண்டில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "தாழ்நிலங்களிலும் பனி விழும் என்று முன்னறிவிப்பு வருகிறது, ஆனால் வெப்பநிலை 3 டிகிரி என்று போட்டிருக்கிறார்கள். பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் எப்படிப் பனி விழும்? காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று என்று ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?" இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான்.

முதலில் இடம். மேற்கே பசிபிக், கரையோரம் ஒலிம்பிக் மலைகள், கிழக்கே கேஸ்கேட் மலைத்தொடர், நடுவில் கடல் உள்ளே புகுந்து கிடக்கும் பியூஜெட் சவுண்ட் தாழ்நிலம். மலைமேல் பனி மீட்டர் கணக்கில் குவியும். கீழே சியாட்டில் விமான நிலையத்தில் ஆண்டுச் சராசரி சுமார் 15 செ.மீ.தான். பனிக்குக் குளிரும் வேண்டும், ஈரமும் வேண்டும். ஈரம் கடலிலிருந்து வருகிறது, வரும்போதே கடலின் வெதுவெதுப்பையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. கடுங்குளிர் கனடாவின் உட்பகுதியிலிருந்து ஃப்ரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்குகிறது, அது வறண்ட காற்று. இரண்டும் சரியாகச் சந்தித்தால் 2019 பிப்ரவரி மாதிரி ஒரே மாதத்தில் 50 செ.மீ. தாண்டிவிடும். பெரும்பாலும் சந்திப்பதில்லை.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருவோம். அங்கே குளிர்காலத்தில் பெய்யும் மழையில் பெரும்பகுதி மேகத்துக்குள் பனியாகத்தான் பிறக்கிறது. விழும் வழியில் பூஜ்ய டிகிரி மட்டத்தைத் தாண்டியதும் உருகி மழையாகிறது. ஒரு கிராம் பனி உருக 334 ஜூல் வெப்பம் தேவை, உள்ளுறை வெப்பம் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். அந்த வெப்பத்தை யார் கொடுப்பது? சுற்றியிருக்கும் காற்றுதான், வேறு யாரும் இல்லை. கொடுத்த காற்று குளிர்ந்துபோகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 மி.மீ. மழைக்குச் சமமான பனி, 500 மீட்டர் தடிமனுள்ள காற்றுக்குள் உருகினால், அந்தக் காற்று முழுவதும் ஏறக்குறைய ஐந்தரை டிகிரி குளிரும். ஐந்தரை டிகிரி! அப்படிக் குளிரக் குளிர, பூஜ்ய மட்டம் படிப்படியாகக் கீழே இறங்குகிறது, அடுத்து வரும் பனி இன்னும் கொஞ்சம் கீழே வரை உருகாமல் வருகிறது, கடைசியில் தரையைத் தொட்டுவிடுகிறது. பெய்யும் மழையே தன் பாதையைக் குளிரவைத்துப் பனியாக மாறிக்கொள்கிறது. ஆனால் உருகுதலால் காற்றைப் பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது, அதற்குப் பிறகு உருகுவதற்கு எதுவும் இருக்காது. இப்படி வரும் பனி ஈரமாக, கனமாக, மரக்கிளைகளில் அப்பிக்கொண்டு நிற்பது அதனால்தான்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். தூறல் என்றால் உருகுவது கொஞ்சம், குளிர்ச்சியும் கொஞ்சம், மழையாகவே முடிந்துவிடும். கொட்டினால்தான் பனி. ஒலிம்பிக் மலைகளைச் சுற்றிப் பிரிந்து போகும் காற்று மறுபக்கத்தில் மீண்டும் மோதும் இடத்தில், அதாவது பல சமயம் சியாட்டிலுக்கு வடக்கே லின்வுட், எவரெட் பக்கம், ஒரு குறுகிய பட்டையில் மட்டும் பலமாகப் பெய்யும். அங்கே தரை வெளுத்திருக்கும், அரைமணி நேரக் கார் தூரத்தில் வெறும் மழை.

வாசகரின் 3 டிகிரிக்கு வறண்ட காற்றும் உதவுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான்: ஃப்ரேசர் பள்ளத்தாக்குக் காற்றில் விழும் பனியும் துளியும் கொஞ்சம் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிவிடும். 4 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம் என்றால், ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது நீர் ஆவியாவதால் காற்று குளிரக்கூடிய கடைசி எல்லை, கிட்டத்தட்ட பூஜ்யம்.

இப்போது முன்னறிவிப்பாளரின் நிலையை யோசியுங்கள். மழையின் வேகம், காற்றின் திசை, ஒரு டிகிரி, இதில் எது பிசகினாலும் முடிவு தலைகீழ். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்வது அநியாயம். மாதக்கணக்கில் முன்பே இன்ன வாரம் பனி என்று அச்சிட்டு விற்கும் பஞ்சாங்கங்களை நம்புகிறவர்கள், நாளைக்குப் பனிக்கு 40 சதவீத வாய்ப்பு என்று நேர்மையாகச் சொல்பவரைத் திட்டுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. கருவிக்கும் பணம் வேண்டும். சியாட்டிலுக்கு வடக்கே கமானோ தீவில் இருந்த வானிலை ரேடாருக்கு ஒலிம்பிக் மலைகளே மறைப்பு, கடலிலிருந்து வருவது சரியாகத் தெரியாது. வாஷிங்டன் பல்கலைக்கழக வானிலை விஞ்ஞானி கிளிஃப் மாஸ் போன்றவர்கள் வலியுறுத்திய பிறகு, 2011-இல்தான் கடற்கரையோரம் லாங்லி ஹில்லில் ரேடார் வந்தது. அவ்வளவு புயல் அடிக்கும் கரைக்கு அது மிகத் தாமதம் என்பேன்.

சரி, அடுத்த முறை வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள், பனிநிலையை (dew point, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பாருங்கள். அது பூஜ்யத்துக்குக் கீழே இருந்து, மழையும் பலமாக வருமென்றால், மறுநாள் பயணத்தைத் தள்ளிவைக்கலாம். கூடவே காற்றின் திசையையும் கவனியுங்கள். தெற்கிலிருந்து பலமாக வீசினால், உருகுதல் குளிர்வித்த காற்றைத் தள்ளிவிட்டு வெதுவெதுப்பான காற்று வந்துகொண்டே இருக்கும், எவ்வளவு கொட்டினாலும் மழைதான்.